தலையிலா, தறியிலா?

கல்வி எங்கே நிகழ்கிறது? கற்பவன் தலைக்குள்ளா, அவன் நிற்கும் களத்திலா? கல்வியறிஞரிடையே நெடுநாளாக நடந்துவரும் சொற்போர் இது. நாமும் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

1991-இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் எழுதிய நூல் களத்தின் பக்கம் நின்றது. லைபீரியத் தையற்கூடத்தில் சேரும் இளைஞன் பாடம் கேட்பதில்லை. பொத்தான் தைப்பதில் தொடங்கி, படிப்படியாக முழுத் தொழிலாளியாகிறான் என்று காட்டியது. 1996-இல் ஆண்டர்சன், ரீடர், சைமன் மூவரும் மறுத்தெழுந்தனர். ஓரிடத்தில் கற்ற அறிவு வேறிடத்திலும் உதவும். பொதுவிதியைத் தனியே கற்பதும் பயன் தரும் என்றனர்.

களம் கற்பிக்கிறது என்பது பொய்யா? அன்று! பிரேசில் நாட்டுத் தெருவணிகச் சிறுவர்கள், விற்குமிடத்தில் 98 விழுக்காடு சரியாகக் கணக்குச் சொன்னார்கள். அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடே சரியாயிற்று என்கிறது 1985-ஆம் ஆண்டு ஆய்வு. உறையூர்த் தறியில் கைபழகியவனின் அறிவும் அத்தகையதே. ஆனால் நாம் கேட்பது வேறு: எந்தக் களம் யாருக்கு என்று வகுத்தவர் யார்?

1953-இல் இராசாசி ஆட்சி, ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. களத்துக் கல்வி என்பது போர்வை. நெசவாளி மகனுக்குத் தறியே கதி என்பது பொருள். குலக்கல்வி என மக்கள் கொதித்தெழுந்தனர். 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது.

காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோம். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற 2006-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின், அங்கும் ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. மாநிலமெங்கும் அத்தகைய பள்ளிகளில் 200-க்கும் மேற்பட்டோர் கற்றுத் தேர்ந்தனர். தலைக்குள் ஆகமம் இருந்தது. கருவறைக் கதவு திறக்கவில்லை! அவர்களுள் 24 பேர் பணியாணை பெற 2021 ஆகஸ்டு ஆயிற்று.

அங்கே களம் விலங்காயிற்று. இங்கே களம் கோட்டையாயிற்று. அமெரிக்க இறைச்சிக் கடையில் பயிலுநரைப் பொட்டலம் கட்டும் மேசையில் நிறுத்தி, வெட்டும் தொழிலைக் காணவொட்டாமல் செய்ததை லேவ், வெங்கர் நூலே சொல்கிறது. அதிகாரத்தை ஆராய வேண்டுமென ஒப்பியும், அதை ஆழ உழாமல் விட்டதே அந்நூலின் குறை.

தறியும் வேண்டும், தலையும் வேண்டும். எதைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்யக்கூடாது. கற்றவனை வாயிலில் நிறுத்தவும் கூடாது. இளைஞர்களே, எந்தக் கல்விக் கொள்கை வந்தாலும் முதலில் கேளுங்கள்: கதவின் திறவுகோல் யார் கையில்?