விமோசனத்துக்குப் பிறகு

ராஜாஜியின் கதைகளைப் பற்றிப் பேசுவது நம்மிடையே கௌரவக் குறைச்சலான காரியம். பிரசாரம் என்று ஒரு வார்த்தையில் தீர்த்துவிட்டு, புதுமைப்பித்தன் பக்கமோ மௌனி பக்கமோ திரும்பிவிடுவோம். நானும் முப்பது வருஷங்களாக அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் 'திக்கற்ற பார்வதி'யை மறுபடி எடுத்துப் படித்தபோது, அந்த ஒற்றை வார்த்தைத் தீர்ப்பில் நம்முடைய சோம்பலும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று பட்டது. பிரசாரத்துக்காக எழுதப்பட்ட நல்ல கதைகள் உலகத்தில் உண்டு. டால்ஸ்டாய் கடைசிக் காலத்தில் எழுதியவற்றில் பல அப்படிப்பட்டவை. ஒன்றை வேண்டி நிற்பதால் மட்டும் ஒரு கதை கெட்டுப்போவதில்லை. வேண்டியது கிடைத்துவிட்டால் அப்புறம் என்ன என்று இந்தக் கதை ஒரு கணமும் யோசிக்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

கதை முடிந்த பிறகு உலகத்தில் நடப்பதற்கெல்லாம் ஆசிரியன் பொறுப்பாவானா என்று கேட்கலாம். மற்ற ஆசிரியர்கள் விஷயத்தில் ஆகமாட்டான். ராஜாஜி விஷயம் வேறு. அவருக்கு வரம் கிடைத்தது. வரம் கொடுக்கும் நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருந்தார்.

நான் ஓசூர்க்காரன். தொரப்பள்ளி எங்களுக்கு டவுன் பஸ் தூரம். 1878ல் ராஜாஜி பிறந்தது அங்கேதான். பிறந்த வீடு இப்போது நினைவில்லம். சிங்கீதம் சீனிவாசராவ் 'திக்கற்ற பார்வதி'யைப் படமாக்கியபோது அந்தக் கிராமத்திலேயேதான் எடுத்தார். படம் வந்தது 1974ல். அதே வருஷம்தான் தமிழ்நாட்டில் சாராயக்கடைகளை இரண்டாந்தடவையாக மூடினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருஷத்துக்கு மறுபடி வருகிறேன்.

கதையின் கட்டுமானத்தைப் பாருங்கள். உழைத்துப் பிழைக்கும் ஒரு தம்பதி. குடி வீட்டுக்குள் வருகிறது, அதன் பின்னாலேயே கடன் வருகிறது, கடைசியில் தலைப்பு சொல்கிற கதி அவளுக்கு நேர்கிறது. புருஷனுக்கு என்னவெல்லாம் நேர்கிறது என்று பார்க்கும் ஆசிரியர், அவனுக்குள் என்ன நடக்கிறது என்று அதிகம் பார்ப்பதில்லை. கடையை நீக்கிவிட்டால் கதையும் இல்லை, துன்பமும் இல்லை. அதாவது, கதையின் வடிவமே ஒரு சட்ட மசோதாவின் வடிவம். ஒரு காரணம், ஒரு விளைவு, ஆகவே ஒரு தடை. படிக்கிறவன் புத்தகத்தை மூடும்போது கடையை மூடும் கை அவனுக்குள் தானாகவே உயர்கிறது. இந்த அளவில் கதை வெற்றி பெற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

1929ல் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே அவர் ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி உதவியாக இருந்தார். பெயர் 'விமோசனம்'. பத்து இதழ்களோடு நின்றுபோனது என்ற வகையில் அதுவும் நம் இனத்துப் பத்திரிகைதான்! வித்தியாசம், அதன் ஆசிரியர் எட்டு வருஷம் கழித்து மாகாணத்தின் பிரதமரானார். 1937 ஜூலையில் பதவி. அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. தன் கதையின் முடிவில் விட்ட பெருமூச்சை, தான் பிறந்த மண்ணிலேயே, தன் கையெழுத்தால் சட்டமாக்கிய எழுத்தாளன் தமிழில் வேறு யார்? நம்மில் பலர் புரட்சியை வேண்டிக் கவிதை எழுதியிருக்கிறோம். கொடுக்க ஆளில்லாததால் நம் கவிதைகள் தப்பித்தன.

அமெரிக்கா 1920லிருந்து பதின்மூன்று வருஷம் இதைச் செய்து பார்த்து, கள்ளக் கடத்தல்காரர்களைப் பெரும் பணக்காரர்களாக்கிவிட்டு, 1933ல் கைவிட்டிருந்தது. 1936ல் ராபர்ட் மெர்ட்டன் என்ற இளம் சமூகவியலாளர், நோக்கத்தோடு செய்யும் காரியங்கள் நோக்காத பலன்களைத் தருவது ஏன் என்று ஒரு கட்டுரை எழுதினார். அறியாமையும் பிழையும் அவர் சொல்லும் காரணங்களில் சேர்த்திதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: உடனடிப் பலனின் மேலுள்ள வேகத்தில், அதற்கப்பால் பார்க்க மனம் மறுத்துவிடுகிறது. 'திக்கற்ற பார்வதி'யின் அழகியல் அதுவேதான். பார்வதியின் அழுகை அவ்வளவு பக்கத்தில் கேட்கும்போது, தூரத்தில் இருப்பதை யார் பார்ப்பார்கள்?

தூரத்தில் முதலில் இருந்தது கஜானா. கள், சாராய வருமானம் போனால் மாகாணம் எப்படி நடக்கும்? அதற்காக 1939ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி அதுதான் முதல். அந்த வருஷம் அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கும் தளர்ந்தது. வரி மட்டும் போகவில்லை. 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971ல் நிறுத்தம், 1974ல் மறுபடி, 1981ல் மறுபடி திறப்பு என்று கடைக்கதவு திறந்து மூடிக்கொண்டிருந்த காலமெல்லாம் வரி நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பெயர் மாறி மதிப்புக் கூட்டு வரியானது. 2017ல் சரக்கு சேவை வரி வந்து மற்றதில் பெரும்பாலானதை விழுங்கியபோது, குடிக்கும் மதுவை விட்டுவைத்தது. ஆகவே பழைய விற்பனை வரியின் வாரிசு இன்றும் உயிரோடு இருக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று டாஸ்மாக் கடை. 2022-23ல் மதுவிலிருந்து அரசுக்கு வந்தது 44,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் சுமார் முக்கால் பங்கு இந்த வரி, ஆயத்தீர்வை மிச்சம்தான். மதுவருமானம் இல்லாமல் வாழ்வதற்கென்று கண்டுபிடித்த கருவி, மதுவருமானத்தின் பெரும்பகுதியாகிவிட்டது. இதை ஒருவன் கதையாக எழுதிக்கொண்டு வந்திருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

இரண்டாவதாக இருந்தது எல்லைக்கோடு. 1937ல் அதற்கப்பால் மைசூர் சமஸ்தானம், பிறகு மைசூர் ராஜ்யம், பிறகு கர்நாடகம். எந்தப் பெயரிலும் சேலத்துச் சட்டம் அங்கே செல்லாது. ஓசூரை விட்டு ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. ஒரு கதாசிரியர் பிறந்து வளர்ந்த ஊரின் மிக வெளிப்படையான சங்கதி இது. அது அவர் கதைக்குள் வரவேயில்லை.

என் அம்மாவுக்கு இரண்டு வேண்டுதல்கள் இருந்தன. தெருமுனையில் இருந்த சாராயக்கடை ஒழிய வேண்டும். ஊருக்குக் கம்பெனி வர வேண்டும். இரண்டும் பலித்தன. கம்பெனி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1980ல் அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். மொபெட் வந்தது, சில வருஷங்களில் டைட்டன் கடிகாரம் வந்தது. எனக்கு அவற்றில் எதிலும் வேலையில்லை. அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டி முப்பது வருஷம் கழித்தேன். நாங்கள் கேழ்வரகு விதைத்த நிலம் மனையாகிவிட்டது. விற்ற பணத்தில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. இதில் புகார் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடை விஷயம் வேறு. கடை தெருமுனையில் இருந்தவரை, ராத்திரி எட்டு மணிக்கு அம்மா என்னைக் கூப்பிடுவாள். "போய் உங்க நைனாவைக் கூட்டிட்டு வா கண்ணு." நான் போவேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். நைனாவைத் தூக்கி நிறுத்தி, அவர் கையை என் தோளில் போட்டு அனுப்புவார். சில ராத்திரிகள் அவமானம். சில ராத்திரிகள் வழியெல்லாம் அவர் தெலுங்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். 1974ல் கடையை மூடிய அன்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் அத்திப்பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். முதலில் சனிக்கிழமைகள். கடைசி பஸ்ஸை விட்டால் அங்கேயே எங்காவது படுத்துக்கொள்வார். பிறகு அந்தப் பக்கமே ஒரு செங்கல் சூளையில் வேலை பார்த்துக்கொண்டார். பத்து வயதுப் பையனை அவ்வளவு தூரம் அனுப்பிக் கூட்டிவர முடியுமா? மூன்று நான்கு வருஷத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி. தீபாவளிக்கு வருவார், சட்டையைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். 1981ல் இந்தப் பக்கம் கடைகள் திரும்பத் திறந்தபோது அவர் வரவில்லை.

இதை வைத்து மதுவிலக்கு தப்பு என்று வாதிட நான் வரவில்லை. அப்படி வாதிடுகிறவர்களில் பலர் ஒரு ராத்திரிகூடச் சாராயக்கடை வாசலில் காத்து நின்றவர்கள் அல்ல. 1937க்குப் பிறகு பல வீடுகளில் உலை ஒழுங்காகக் கொதித்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், நம்புகிறேன். நான் கேட்பது இலக்கியக் கேள்வி. என் வீட்டில் நடந்ததற்கு 'திக்கற்ற பார்வதி'யில் ஏன் இடமில்லை? அந்தக் கதையின் கணக்கில், கடை மூடிய பிறகு என் அம்மா திக்கற்றவளாகியிருக்கவே முடியாது.

ஆச்சரியம், இந்தக் கணக்கு தெரியாதவரல்ல ராஜாஜி. 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதியவர். கைகேயி இரண்டு வரங்களைக் கேட்கிறாள், இரண்டும் கிடைக்கின்றன. புருஷன் சாகிறான், யாருக்காகக் கேட்டாளோ அந்தப் பிள்ளை அவள் முகத்தில் விழிக்கக் கூசுகிறான். நம் புராணங்களில் வரம் என்றாலே அதில் ஒரு ஓட்டை உண்டு. இரணியன் எத்தனை அடைத்தும் அந்தி நேரமும் வாசற்படியும் மிஞ்சின. புராணத்தைத் திரும்பச் சொல்லும்போது ராஜாஜிக்குக் கைவந்த இந்த விவேகம், சொந்தக் கதை எழுதும்போது கைவிட்டுவிடுகிறது. அங்கே அவர் கேட்பவர் ஆகிவிடுகிறார். கேட்பவனுக்கு ஓட்டை தெரியாது.

இந்த இடத்தில்தான் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. 1943ல் கலைமகளில் வந்தது. ராஜாஜியின் பத்திரிகையும் இந்தக் கதையும் ஒரே சொல்லைத் தலையில் சுமப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ராஜாஜிக்கு முடிவாக இருக்கும் சொல் புதுமைப்பித்தனுக்கு ஆரம்பம். கல் பெண்ணாகிவிட்டது, அப்புறம்? விமோசனம் பெற்ற அகலிகையும் கௌதமனும் ஒரு கூரையின் கீழ் எப்படி வாழ்வது, எந்த வார்த்தை எங்கே குத்தும் என்ற பயத்தோடு எப்படிப் பேசிக்கொள்வது என்பதே கதை. வரம் கேட்டுப் பெற்ற கைகேயியையும் அவர் அகலிகையின் எதிரில் கொண்டுவந்து நிறுத்துகிறார். பிறகு சீதை வந்து நெருப்பைப் பற்றிச் சொல்ல, விமோசனம் தந்தவன் கையாலேயே தந்தது செல்லாததாகி, அகலிகை மறுபடி கல்லாகிறாள். பரிகாரம் சொல்லாத கதை. ஆனால் என் அம்மாவுக்கு அதில் இடம் இருக்கிறது. திண்ணையில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கும் இருக்கிறது.

நம் மார்க்சீய நண்பர்கள், கதை தீர்வு சொல்ல வேண்டும் என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தீர்வு சொன்ன கதை ஒன்று சட்டமாகி, தொண்ணூறு வருஷம் நெருங்கும் வரை என்னென்ன ஆயிற்று என்று பார்க்க அவர்கள் ஓசூருக்கு வரலாம். கர்நாடகம் 2007 ஜூலை முதல் தேதி சாராயத்தைத் தடை செய்தது. அந்தப் பக்கத்துப் பார்வதிகளும் பல வருஷமாக வேண்டியதுதான். 2008 மே மாதம் பெங்களூர், கோலார், எங்கள் கிருஷ்ணகிரி ஜில்லா என்று எல்லையின் இருபுறமும் கள்ளச்சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் செத்தார்கள். சட்டம் கொன்றது என்று சொல்லமாட்டேன். கொன்றது மெத்தனாலும் அதை விற்றவனும். ஆனால் பாக்கெட் சாராயம் போன வெற்றிடத்தில்தான் அவன் கடை போட்டான். இந்த முறை கோடு எதையும் தடுக்கவில்லை, பிணங்களைக்கூட.

அடுத்தது 2016 டிசம்பர். விபத்துச் சாவுகளைக் குறைக்க, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு. 2017 ஏப்ரலில் சாலையோரத்துக் கடைகள் மூடப்பட்டு, தமிழ்நாடெங்கும் தெருக்களுக்குள்ளும் கிராமங்களுக்குள்ளும் இடம் தேட ஆரம்பித்தன. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து மறித்தார்கள். நெடுஞ்சாலை ஊரைக் கிழித்துக்கொண்டு போகும் எங்கள் பக்கம், எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே ஒரு கடைக்கு இடம் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்துமூன்று வயது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மற்றப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள். நைனா விஷயம் இவ்வளவும் நடந்த பிறகும் போய் உட்கார்கிறாயே என்று கேட்டேன். "கேட்காம இருக்க முடியுமாடா" என்றாள். நான்காம் நாள் அதிகாரிகள் வந்து பேசினார்கள், கடை வேறு இடத்துக்குப் போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள், கடையை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று. தைலமரத் தோப்புக்கு அந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர் இருக்கும் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பரவாயில்லை. போய்க் கூட்டிட்டு வர்ற தூரம்தான்."