மலையகப் புனைகதையும் பிரிந்த குடும்பமும்

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பான்மையினரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனத் தொகை பிரித்தது. தொகையோடு குடும்பங்களும் பிரிந்தன: பெற்றோர் ஒரு நாட்டினராகவும் மணமுடித்த மகள் மற்றொரு நாட்டினளாகவும் ஆயினர்.

இவ்வவலத்தைப் பொருளாகக் கொண்ட மலையகச் சிறுகதைகள் பல, தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறும் கணத்தையே உச்சமாக்கி முடிகின்றன. அது உணர்ச்சியளவில் உண்மையே. வரலாற்றளவிற் பாதி உண்மை. சட்டத்தின் கொடுமை பயணத்தோடு முடிந்துவிடவில்லை. நீலகிரியிற் குடியேறியோர் அங்கு 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கு எஞ்சியோர் 'இந்தியத் தமிழர்' என்றே கணிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. அறுந்த உறவுகளை அதனால் மீட்டுத்தர இயலவில்லை.

பாட்டனின் முகமறியாத பேரப்பிள்ளையின் இழப்பு ஒரு கணத்துள் அடங்குவதன்று. தோட்டத்துக்கு வந்தோரின் வாழ்வைக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவலாக விரித்தது. மீண்டும் கடல் கடக்கப் பணிக்கப்பட்டோரின் கதைக்கும் இருகரைகளையும் மூன்று தலைமுறைகளையும் ஒருங்கே நோக்கும் அத்தகைய விரிவு வேண்டும். கண்ணீரைக் காட்டிய நம் புனைகதை, அதன் பின்விளைவையும் ஆராய்தல் கடனாகும்.