இசையும் பட்டமும்

இசையைக் கற்பதற்குப் பல்கலைக்கழகம் வேண்டுமா என்னும் வினா இன்றும் நம் இல்லங்களில் எழுந்தவண்ணமே இருக்கின்றது. தியாகராசர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்று கேட்டு, இசைக்குப் பட்டம் வீண் என்பர் ஒரு சாரார். பட்டம் கைக்கு வந்தால் பாட்டும் உடன் வந்துவிடும் என நம்புவர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதே நம் கருத்து. இளநிலை இசைப் பட்டம் எதனைத் தர வல்லது, எதனைத் தர மாட்டாது என்று வரையறுத்துக்கொள்ளாமையால் வந்த மயக்கம் இது.

இசைப் பட்டத்தின் பழைய வரலாறு இங்கிலாந்தில் உள்ளது. கேம்பிரிட்ஜில் 1464ஆம் ஆண்டளவில் ஹென்றி அபிங்டன் என்பார் பெற்றதே நாம் அறிய வரும் முதல் இசைப் பட்டமாகும். எனினும், பின்னர்ப் பல நூற்றாண்டுகள் அங்கே இசை மாணவர் கல்லூரியில் தங்கிப் பயில வேண்டிய கட்டாயம் இல்லை. இசைப் படைப்பொன்றை எழுதி அளித்துத் தம் தகுதியை நிலைநாட்டினால் போதும். ஆகவே அம்முறைக்கு உயிர் எழுத்தே. எழுதிய சுரத்தைக் கண்ணால் கண்டவுடன் அகச்செவியில் கேட்பதும், காதால் கேட்டதைப் பிழையின்றி எழுதுவதும், ஒரு படைப்பின் கட்டமைப்பைப் பிரித்துக் காண்பதும் இன்றும் அந்நாட்டு இசைப் படிப்புக்கு அடிப்படையாகும். இது பெருஞ்சிறப்பே. ஆயினும், பாடுவோரும் வாசிப்போரும் வெளியில் நின்றனர். அவர்களுக்காக 1822இல் லண்டனில் ராயல் அகாடமி எனத் தனிக் கல்லூரி ஒன்று தோன்ற வேண்டியதாயிற்று.

தமிழகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் கண்டபோது இசைக்கும் அங்கே இடம் அமைந்தது. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை போன்ற வித்துவான்களே ஆசிரியராயினர். அங்குப் பயின்றோர் ‘சங்கீத பூஷணம்’ என்னும் பட்டம் பெற்றனர். 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அவ்விடத்திலேயே. எழுத்தை அன்று, கேள்வியையே இம்முறை உயிராகக் கொண்டது. குருகுலத்தையே கட்டடத்துக்குள் கொண்டுவந்த அருஞ்செயல் இது. ஆனால் குருகுலத்தில் மணி அடிப்பதில்லை. ஓர் இராகத்தின் ஒரு பிடியை நாள் முழுதும் பாடிப் பழகும் ஓய்வைப் பாட அட்டவணை தருவதில்லை. மூன்றாண்டில் தேர்வும் வந்து நிற்கின்றது.

மூன்றாண்டு போதுமா? சிலப்பதிகாரம் இதற்கு விடை தருகின்றது. மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அவளைச் சூழ ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவர் நின்றனர். குரலும் விரலும் பழகும் காலத்தைச் சுருக்க இயலாது என்பதை இளங்கோவடிகள் அன்றே அறிந்திருந்தார். ஆதலின், ஒன்றும் அறியாதவனைப் பாடகனாக்கி அனுப்புவது இளநிலைப் படிப்பின் வேலையன்று. அவ்வாறு வாக்களிக்கும் பாடத்திட்டம் மாணவனை ஏமாற்றுவதேயாகும்.

ஆயின், அரங்கேற்று காதையில் வேறொரு செய்தியும் உண்டு. இசையாசிரியன் பாட மட்டும் தெரிந்தவன் அல்லன். யாழும் குழலும் தாளமும் தண்ணுமையும் ஆடலும் அறிந்து, கவிஞனின் குறிப்பை உணர்ந்து பிறர்க்கு விரித்துரைக்க வல்லவன். ‘விரித்துரைத்தல்’ என்னும் இத்திறனே பல்கலைக்கழகம் தரத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நம் பிள்ளைகள் ‘ச’வும் ‘ப’வும் நாள்தோறும் பாடுகின்றனர். பழந்தமிழர் குரல், இளி என்றழைத்த இவற்றின் உறவு யாது? நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி பிறக்கும். அதன் அதிர்வு குரலைப் போல் ஒன்றரை மடங்கு. இவ்வாறு இளிக்கு இளியாகப் பன்னிரு முறை ஏறினால் ஏழு ஸ்தாயிக்கு மேலுள்ள குரலை அடைவோம் என எதிர்பார்க்கின்றோம். ஆனால் 128 மடங்காக வேண்டிய அதிர்வு ஏறத்தாழ 129.7 மடங்காகி, இலக்கைச் சற்றே கடந்துவிடுகின்றது. இச்சிறு மிச்சத்தைப் பியானோ தன் பன்னிரு கட்டைகளுக்கும் பங்கிட்டு மறைத்துக்கொள்கின்றது. நம் மிடறு அவ்வாறு மறைக்க வேண்டியதில்லை. பியானோவின் சுருதியும் நம் பாட்டின் சுருதியும் முற்றும் ஒன்றாகாமைக்குரிய காரணங்களுள் இது முதன்மையானது. பாடத் தெரிந்தும் இதனை அறியாதவன் பாதி கற்றவன்; இதனை அறிந்தும் பாடத் தெரியாதவனும் பாதி கற்றவனே.

இரு பாதிகளையும் இணைத்த சான்றோர் நம்மிடையே தோன்றியுள்ளனர். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரியான விபுலாநந்த அடிகள், கணக்கையும் சிலப்பதிகாரத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அண்ணாமலையில் சங்கீத பூஷணம் பெற்ற எஸ். இராமநாதன், அரங்கில் பாடிய வித்துவானாக இருந்துகொண்டே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். இசை அறிவுக்குப் பகையன்று என்பதற்கு இவர்கள் சான்று.

இனி நம் நிலைக்கு வருவோம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய யோங் சியூ தோ இசைப் பள்ளி இளநிலை இசைப் பட்டம் அளிக்கின்றது. அதன் அடிப்படை மேலையிசை. 1889இல் லண்டனில் அமைந்த இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடுகளை ஒவ்வொன்றாக ஏறிவரும் பிள்ளைகளுக்கு இத்தகைய படிப்பின் வாயில் முன்பே பழகியதாகின்றது. நம் இசையைத் தனியாசிரியரிடம் பத்தாண்டு கற்ற பிள்ளையோ, பாடத் தெரிந்தும் எழுதத் தெரியாமையால் அவ்வாயிலில் தயங்குகின்றது. இது நம் இசையின் குறையன்று. நாம் கற்பிக்கும் முறையின் குறை.

ஆதலின் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் சொல்வது இதுவே: குரலைப் பள்ளிப் பருவத்திலேயே பழக்குங்கள், பல்கலைக்கழகம் வரட்டும் என அதனைத் தள்ளிவைக்காதீர்கள். பாடும் வர்ணத்தைத் தன் கையால் சுரப்படுத்தி எழுதவும், எழுதியதை மீண்டும் பாடவும் பிள்ளையைப் பழக்குங்கள். பட்டப் படிப்பைத் தேரும்போது கட்டடத்தைப் பாராது மூன்றை வினவுங்கள்: நாள்தோறும் பாட நேரம் உண்டா? கேட்டதை எழுதப் பயிற்சி உண்டா? ‘ஏன்’ என்று கேட்கும் மாணவனுக்கு விடையளிக்கும் ஆசிரியர் உளரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்குமாயின் அப்பட்டத்தைத் துணிந்து பெறலாம். இல்லையேல், நல்லாசிரியர் ஒருவரின் திண்ணையே மேலான பல்கலைக்கழகமாகும்.