படுக்கையில் விழுந்தால்தான் காப்பீடா?

ஏழை வீட்டுக் குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருந்தால், அதை அடைக்கும் அறுவை சிகிச்சைச் செலவைத் தமிழ்நாட்டில் அரசுக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. அதே குழந்தை ரத்தசோகையால் சோர்ந்து கிடந்தாலோ, கரும்பலகை தெரியாமல் கண்ணை இடுக்கினாலோ, இரண்டு வயதாகியும் பேச்சு வராமல் இருந்தாலோ அந்தக் காப்பீட்டு அட்டைக்கு அநேகமாக வேலையே இல்லை. இவற்றைக் கண்டறிய இன்னொரு திட்டம் இருக்கிறது. அது பள்ளிக்கும் பால்வாடிக்கும் தேடிப்போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. இரண்டும் அரசின் திட்டங்கள், இரண்டும் நன்மை செய்பவை. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளியில்தான் பிள்ளைகள் தவறிப்போகிறார்கள். மதுரை நகரையும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பகுதிகளையும் கண்முன் வைத்து இந்த ஏற்பாட்டின் நிறைகுறைகளை எடைபோட வேண்டியிருக்கிறது.

தேடிப்போகும் திட்டம்

ஆர்.பி.எஸ்.கே. என்று சுகாதாரத் துறையினர் சுருக்கமாகச் சொல்லும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. பிறவிக் குறைகள், சத்துக் குறைபாடுகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என நான்கு தலைப்புகளில் சுமார் 30 பாதிப்புகளைத் தேடுகிறது. தேசிய வழிகாட்டுதலின்படி ஒரு குழுவில் இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஒருமுறை இந்தக் குழு வர வேண்டும் என்பது விதி.

இதன் முதல் சிறப்பு, குழந்தை இருக்கும் இடத்துக்கே மருத்துவம் போகிறது என்பது. நோய் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நம் வழக்கம்; நோயில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகும் பழக்கம் தடுப்பூசி நாட்களோடு முடிந்துவிடுகிறது. ஒன்றரை வயதுக்குப் பிறகு, காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஒழிய, மருத்துவர் கை படாத பிள்ளைகள் ஏராளம். அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் இந்தக் குழு வரும் வேன்.

பரிசோதனை நடக்கும் நாளில் பள்ளி வராந்தாவைப் பார்த்தால் இதன் பயன் புரியும். ஒரு மூலையில் எடைக் கருவி, சுவரில் உயரம் அளக்கும் கோடு, ஆறு மீட்டர் தள்ளிக் கண் பரிசோதனை அட்டை. மருத்துவர் பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்க்கிறார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கிறது. நாக்கைப் பார்க்கிறார், நகத்தைப் பார்க்கிறார், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கிறார். இதயத் துடிப்போடு சேர்ந்து ஒரு இரைச்சல் கேட்டால், எக்கோ எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதுகிறார். ஓடியாடினால் மூச்சு வாங்கும், அடிக்கடி சளி பிடிக்கும், வயதுக்கேற்ற எடை இல்லை. இவை எல்லாம் வீட்டில் "சவலைப் பிள்ளை" என்ற ஒரு சொல்லில் அடங்கியிருந்தன. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது என்று முதன்முதலில் எடுத்துச் சொல்வது இந்த வராந்தாதான்.

அட்டை செய்த நன்மை

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது நம் காப்பீடு. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது.

குழந்தைகளுக்கு இது செய்திருக்கும் பெரிய நன்மைக்கு ஒரு சான்று, காக்ளியர் கருவி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு உட்செவியில் பொருத்தும் இந்தக் கருவியின் விலை பல லட்சம். கூலி வேலை செய்யும் குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டினாலும் வாங்க முடியாதது. காப்பீட்டின் கீழ் இந்த அறுவை சிகிச்சை மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலேயே நடக்கிறது. அத்தை மகன், தாய்மாமன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகாத தென்மாவட்டங்களில் பிறவிக் காது கேளாமைக்கு இருக்கும் வாய்ப்பை நினைத்தால், இது எவ்வளவு பெரிய கொடை என்பது விளங்கும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேர்கிறது. அது கருவிகளுக்கும் வசதிகளுக்கும் பயன்படுகிறது. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அதே காக்ளியர் கருவிதான் குறையையும் காட்டிக்கொடுக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இந்தச் சலுகை. அந்த வரம்பில் மருத்துவ நியாயம் இருக்கிறது: மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் காலம் முதல் சில ஆண்டுகள்தான், ஒரு வயதில் பொருத்தினால் கிடைக்கும் பேச்சு ஐந்து வயதில் பொருத்தினால் கிடைக்காது. அப்படியானால், காது கேளாமை எந்த வயதில் தெரியவருகிறது என்பதே அந்தக் குழந்தையின் விதியைத் தீர்மானிக்கிறது. "அவங்க அப்பாவுக்கும் லேட்டாத்தான் பேச்சு வந்துச்சு" என்று பாட்டி சொல்லும் ஆறுதலில் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் வந்து நிற்கும் பிள்ளைக்குக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் சீட்டு உண்டு, அட்டை உண்டு, காலம் மட்டும் இல்லை.

இரண்டு நிமிடப் பரிசோதனை

பள்ளிப் பரிசோதனையின் முதல் குறை நேரம். 300 பேர் படிக்கும் பள்ளியை இரண்டு மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்தில் பார்த்து முடித்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதற்குள் 30 பாதிப்புகளைத் தேடுவது யாராலும் ஆகாத காரியம். குழுவின் திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கே தவறாகப் போடப்பட்டிருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பரிசோதனை நடக்கும் இடத்தில் தாய் இல்லை. குழந்தை மருத்துவத்தில் பாதி நோய் தாயின் வாயிலிருந்து தெரியவரும். இரவில் எப்படித் தூங்குகிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வலிப்பு வந்ததுண்டா, எதைச் சாப்பிடுகிறான் என்று மருத்துவர் யாரிடம் கேட்பது? வளர்ச்சித் தாமதத்தையும் மனநலச் சிக்கலையும் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, விடுபட்டவர்கள். நகரில் ஜெய்ஹிந்துபுரம், செல்லூர் போன்ற உழைப்பாளிகள் நிறைந்த பகுதிகளிலும் கடன்பட்டாவது பிள்ளையைத் தனியார் நர்சரிப் பள்ளியில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பள்ளிகளுக்கு இந்த வேன் போவதில்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வந்து தங்கும் பிள்ளைகள் வேன் வரும் நாளில் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. தேவை அதிகமுள்ள இடத்தில் திட்டம் மெலிந்துபோகிறது.

சீட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவே

உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு தாய் விடியும் முன்பே மல்லிகை பறிக்கக் காட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் புத்தகப் பையில் ஒரு பரிந்துரைச் சீட்டு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மதுரைப் பெரியாஸ்பத்திரியான இராஜாஜி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைய கூலி போகும். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து கிடைத்தாலும், சாப்பாட்டுச் செலவு, வரிசை, "நாளைக்கு வாங்கம்மா" என்ற பதில் எல்லாம் உண்டு. பிள்ளை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது, அறுப்பு முடியட்டும், பூ சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது அலட்சியம் ஆகாது. அது ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு.

காப்பீடு உதவ வேண்டிய இடம் இதுதான். ஆனால் அது உள்நோயாளிச் சிகிச்சைக்கும் குறிப்பிட்ட சில பெரிய பரிசோதனைகளுக்குமே பெரும்பாலும் பணம் தருகிறது. வெளிநோயாளியாக வந்து போகும் பிள்ளைக்கு அதில் அநேகமாக இடமில்லை. வருமானச் சான்றிதழ் வேண்டும் என்பதும், குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயரைச் சேர்க்காமல் விட்டிருப்பதும் ஆபத்து வந்த பிறகே நினைவுக்கு வருகின்றன.

இந்த இடைவெளியை எண்களும் காட்டுகின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு குடும்பங்களில் யாராவது ஒருவருக்கேனும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது; நாட்டின் சராசரியைவிட இது மிக அதிகம். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ரத்தசோகை 57.4 சதவீதம். முந்தைய 2015-16 ஆய்வில் அது 50.7. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நான்கில் ஒருவர். காப்பீட்டால் ரத்தசோகை கூடியது என்று சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக்குக் காவல் நிற்கும் அட்டை, இரும்புச்சத்துக் குறைக்குக் காவல் நிற்காது என்பதே இதன் பொருள்.

மறுதரப்பு

வெளிநோயாளிச் செலவையும் காப்பீட்டில் சேர்த்தால் திட்டம் தாங்காது, போலிப் பில்கள் பெருகும் என்று சொல்கிறார்கள். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. நலமாக இருக்கும் பிள்ளைகளை எல்லாம் சோதித்துக்கொண்டே இருப்பது வீண் பயத்தையும் தேவையற்ற சோதனைகளையும் கிளப்பும் என்பதும் உண்மை. சிகிச்சைக்கு வழியில்லாமல் நோயைத் தேடக் கூடாது என்று 1968-லேயே உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் வகுத்த நெறிமுறைகள் எச்சரித்தன. அந்த எச்சரிக்கை நம் திட்டத்துக்கும் பொருந்தும்: 30 நோய்களைத் தேடுகிறோம், அத்தனைக்கும் சிகிச்சைக்கான வழியைத் திறந்து வைத்திருக்கிறோமா?

ஆனால் எல்லா வெளிநோயாளிச் செலவையும் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குறிப்பிட்ட வயதுகளில் சில பரிசோதனைகள், அதில் தெரியவரும் குறைக்குக் கட்டாயச் சிகிச்சை, இவ்வளவுதான் கேட்பது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டம் 1967 முதலே இதைச் சட்டமாக வைத்திருக்கிறது. ஜப்பானில் 1948 முதல் தாய் சேய் கையேடு வழங்கப்படுகிறது. ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் பரிசோதிப்பது அங்கே உள்ளாட்சி அமைப்பின் கடமை.

வெளிநாடு வரை போகவும் வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணையைத் தடுப்பூசியோடு இணைத்தது தமிழ்நாடுதான். 2019-21 ஆய்வின்படி இங்கே ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 89 சதவீதம் பேர் முழுத் தடுப்பூசி பெற்றிருப்பதற்கு நர்சம்மாக்களின் உழைப்போடு இத்தகைய இணைப்பும் துணை நின்றிருக்கிறது. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து முதல் கட்டப் பார்வைச் சோதனையைச் செய்ய வைத்தது. குறை இருப்பதாகத் தெரியும் பிள்ளையை மட்டும் நிபுணர் பார்க்கிறார். மருத்துவரின் இரண்டு நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கும் வழி நம் ஊரிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒன்பது மாதம், ஒன்றரை வயது, மூன்று வயது, ஐந்து வயது ஆகிய நான்கு கட்டங்களில், தாயோ தந்தையோ உடனிருக்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழுப் பரிசோதனை நடக்க வேண்டும். அதைக் காப்பீட்டுப் பயன்களில் ஒன்றாகவே எழுத வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழங்கும் பிக்மி எண் பிறப்புச் சான்றிதழ் வரை தொடர்கிறது. அந்த எண்ணிலேயே குழந்தையின் பரிசோதனை, பரிந்துரை, சிகிச்சை மூன்றையும் பதியலாம். பரிந்துரையோடு மதுரைக்கு வரும் பெற்றோருக்கு ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் தரலாம். தனியார் பள்ளிகளையும் சூளைகளையும் வேனின் வழித்தடத்தில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை லட்சம் பிள்ளைகளைப் பரிசோதித்தோம் என்ற கணக்கை விட்டுவிட்டு, சீட்டு பெற்றவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு வட்டாரமும் வெளியிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் பரிசோதனை நடந்தால் அன்று மாலையே பிள்ளையின் பையைப் பாருங்கள். சீட்டு இருந்தால் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்டுங்கள். எங்கே போவது என்று 104-ஐ அழைத்துக் கேளுங்கள். குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் இல்லையென்றால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.

கண்டறிவதில் குறைகள் இருந்தாலும், அதிலும் அறுவை சிகிச்சையிலும் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது. நடுவில் இருக்கும் தொடர்கவனிப்பில் தோற்றிருக்கிறது. அதைச் சரிசெய்யப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் இரண்டையும் இணைத்தால் போதும்.