க்வெரியைக் காட்டு: பிரேசர் டவுனில் ஒரு பி.எச்.பி. மரபு

பெங்களூரில் 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலில் இருந்து விலகிக் காற்றோட்டமாக வாழ வேண்டும் என்று திட்டமிட்டு எழுப்பிய பேட்டை பிரேசர் டவுன். நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு அமைந்தது. அரசுப் பதிவில் இன்று புலிகேசி நகர் என்றாலும், மசூதி சாலையிலும் கோல்ஸ் சாலையிலும் பழகியவர் வாயில் பழைய பெயர்தான். கடைகளுக்கு மேலே இருந்த மாடி அறைகளில் நம் மன்றத்தின் மூத்தவர்கள் பி.எச்.பி. எழுதத் தொடங்கினார்கள். அவர்களைத் தேடி வந்த வேலைகளும் அந்தத் தெருக்களுடையவை: பள்ளிக்கூடத்துக்குக் கட்டண ரசீது, திருமண மண்டபத்துக்கு முன்பதிவு, மருந்துக் கடைக்கு இருப்புக் கணக்கு. ஃபார்ம், லாகின், பட்டியல், கோப்பு ஏற்றுதல், மெயில் அனுப்புதல். ஒரு பி.எச்.பி. ஃபிரேம்வொர்க் அன்றாடம் செய்யும் வேலை இவ்வளவுதான். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்வதில்தான் தரம் தெரியும்.

மன்ற மலர்க் குழுவினர் எல்லா ஃபிரேம்வொர்க் பள்ளிகளையும் குறிப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வம்சாவளி உறுப்பினர்கள் அறிந்ததே. 2005இல் கேக்பி.எச்.பி.யும் ஃபாபியன் பொட்டான்சியேயின் சிம்ஃபோனியும் வந்தன, 2008இல் யீ. கேக் வழியினர் பெயரிடும் ஒழுங்கில் கறார்; மேசைக்கும் மாடலுக்கும் வைக்கும் பெயரிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சிம்ஃபோனிப் பள்ளி நம் ஊரில் கூட்டம் சேர்த்ததில்லை. ஆனாலும் அதன் கை இல்லாத வீடு இன்று குறைவு: லாரவெல் அதன் பாகங்களின் மேல் நிற்கிறது, 2015இல் வந்த துருப்பல் 8உம் அப்படியே. ஸெண்ட் வழி பெரிய நிறுவனங்களோடு இருந்து, பின்னர் லேமினாஸ் என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலுக்குப் போனது. அந்தப் பள்ளியின் பெரியவர்கள் நம் கூட்டங்களுக்கு வந்து பேசியதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

இந்தப் பேட்டையின் சொந்தப் பள்ளி கோட்இக்னைட்டர். ரிக் எல்லிஸின் எல்லிஸ்லாப் 2006 பிப்ரவரியில் அதை வெளியிட்டது. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில், எஃப்.டி.பி. வழியாகக் கோப்புகளை ஏற்றினாலே ஓடும். தொகுப்புகளை நிறுவித் தரும் கம்போசர் 2012இல்தான் வந்தது. அதற்கு முன்பே இங்கே பலருக்குப் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது என்றால் அந்த எளிமைதான் காரணம். கூடவே வந்த பயனர் கையேடு இன்னொரு காரணம். இணைய இணைப்பு அறுந்த நாளிலும் அதைத் திறந்து படிக்கலாம்.

இக்கட்டுரையாளரின் ஆசிரியர் மசூதி சாலை மாடி அறையில் நடத்திய வகுப்புக்குப் பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. பெயரை அச்சில் போடுவதை அவர் விரும்பமாட்டார். அவருடைய முதல் விதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ப்ரொஃபைலர் திறந்திருக்க வேண்டும் என்பது. அந்தப் பக்கம் டேட்டாபேஸை எத்தனை முறை கேட்டது, என்ன கேட்டது, எவ்வளவு நேரம் ஆனது என்று கோட்இக்னைட்டரின் ப்ரொஃபைலர் வரிசையாகக் காட்டிவிடும். மாணவர் “சார், பக்கம் வந்துவிட்டது” என்றால், “க்வெரியைக் காட்டு” என்பார். கடைசியாக ஓடிய க்வெரியை அச்சடிக்கும் கட்டளை ஃபிரேம்வொர்க்கிலேயே இருந்தது. அந்த எஸ்.க்யூ.எல். வாக்கியத்தை மாணவர் வாய்விட்டுப் படித்துப் பொருள் சொன்ன பிறகே அடுத்த பாடம். ஆக்டிவ் ரெக்கார்ட் என்று பழகி, 2015இல் வந்த மூன்றாம் பதிப்பில் க்வெரி பில்டர் என்று பெயர் மாறிய அந்த வசதியை, கையால் எஸ்.க்யூ.எல். எழுதத் தெரியாதவருக்கு அவர் திறந்து காட்டியதே இல்லை.

ஃபார்ம் பாடம் இன்னும் நீளும். விதிகளைக் கோடு போட்டுப் பிரித்து ஒரே வரியில் எழுதும் அந்த முறை பின்னாளில் லாரவெலிலும் இருந்தது. ஆசிரியரோ விதியை எழுதியதோடு விடமாட்டார். உலாவியின் சரிபார்ப்பை அணைத்துவிட்டு, வெறுமையாக, எதிர்மறை எண்ணாக, மேற்கோள் குறியோடு, ஐந்து பக்க நீளத்தில் என்று தானே ஃபார்மை நிரப்பி அனுப்புவார். போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். காப்பு கோட்இக்னைட்டரில் அணைந்த நிலையிலேயே வரும். அதை இயக்காமல் வேலையைக் கொண்டுவந்தவர் அன்று மாலை வீட்டுக்குப் போக முடியாது.

பள்ளிக்குச் சோதனைக் காலமும் வந்தது. 2013இல் எல்லிஸ்லாப் புதிய பொறுப்பாளரைத் தேடுவதாக அறிவித்தது. 2014 அக்டோபரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கழகம் ஏற்றுக்கொண்டது. அங்கே ஆசிரியராக இருந்து திட்டத்தை நடத்திய ஜிம் பாரி 2020 ஜனவரியில் காலமானார். நான்காம் பதிப்பு அவருடைய பிறந்த நாளான பிப்ரவரி 24 அன்று வெளியானது. அந்தச் செய்தியை அறிந்த நம் மூத்தவர்கள் அவரைத் தங்கள் ஆசிரியர்களில் ஒருவராகவே நினைத்தார்கள்.

லாரவெலின் பெருமையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. கோட்இக்னைட்டரில் போதாமை கண்ட டெய்லர் ஓட்வெல் 2011இல் அதைத் தொடங்கினார். அந்த வகையில் அது நம் பள்ளியின் கிளை. மைக்ரேஷன், க்யூ, மெயில் எல்லாம் ஒரே கையில் கிடைக்கின்றன. சி.எஸ்.ஆர்.எஃப். காப்பு தொடக்கத்திலேயே இயங்குகிறது. டோக்கன் இல்லாத ஃபார்ம் 419 பிழையோடு திரும்பிவிடும். நான்காம் பதிப்பு வரை அதன் டெம்ப்ளேட் மொழியான பிளேடின் இரட்டை அடைப்பு எழுத்தை அப்படியே கக்கியது, பாதுகாப்புக்கு மூன்று அடைப்பு வேண்டும். 2015இல் ஐந்தாம் பதிப்பு அதைத் திருத்தி, பாதுகாப்பானதை எளிய வழியாக்கியது. மெச்சத் தகுந்த முடிவு அது.

வருத்தம் கருவியின் மேல் இல்லை. யாரையும் மனத்தில் வைத்துச் சொல்வதும் இல்லை. நல்ல இளைஞர்கள் பலர் மன்றத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் சமீபமாகப் பார்வைக்கு வரும் வேலைகளைக் கண்டு மூத்தவர்கள் மனம் நோகிறார்கள். ஐம்பது ரசீதுகளை வாடிக்கையாளர் பெயரோடு காட்டும் பக்கம். லாரவெலின் டேட்டாபேஸ் பாகமான எலோக்வென்ட்டில் உறவை முன்கூட்டிக் கேட்காமல் விட்டால் பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு ஐம்பது, ஆக ஐம்பத்தொரு க்வெரி. முன்கூட்டிக் கேட்டால் இரண்டு. இந்தச் சோம்பலைப் பிடித்துக் காட்டும் வசதியே 2021இல் லாரவெலில் வந்துவிட்டது, அதையும் இயக்குவதில்லை. பக்கம் மெதுவாக வருகிறதே என்று கேட்டால் சர்வரைப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் மாதாமாதம் அந்த வாடகையைக் கட்டுகிறார். ஐம்பத்தொன்றை எண்ணிப் பார்க்கும் கண் இல்லாமல் போனதற்கு அவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அதோடு நிற்கவில்லை. மாடலில் எந்தப் புலத்தை வெளியாள் நிரப்பலாம் என்ற காவலை எடுத்துவிட்டு, ஃபார்மில் வந்ததையெல்லாம் அப்படியே சேமிக்கிறார்கள். நிர்வாகி என்ற புலத்தையும் சேர்த்து அனுப்பினால் அனுப்பியவர் நிர்வாகியாகிவிடுவார். பப்ளிக் அடைவை மட்டும் வெளியே காட்டாமல் மொத்தத் திட்டத்தையும் இணைய வேரில் கொட்டுகிறார்கள். கடவுச்சொற்கள் இருக்கும் என்வி கோப்பு திறந்து கிடக்கிறது. 2021 தொடக்கத்தில், லாரவெலின் பிழைப் பக்கத்தைக் காட்டும் இக்னிஷன் தொகுப்பின் ஓட்டை வெளிவந்தது. டீபக் நிலை திறந்திருந்த தளங்களில் முன்பின் அறியாதவர் சர்வரில் தன் கட்டளையை ஓட்ட அது வழிவிட்டது. அதற்குப் பிறகும் டீபக்கை அணைக்காமல் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கிறார்கள். பிழைச் செய்தியை முழுதாகப் படிப்பவர் இல்லை. மேசைகளின் உறவைத் தாளில் வரைந்து பார்ப்பவர் இல்லை. இரண்டு வருஷத்தில் ‘சீனியர்’ ஆகிறார்கள். தான் எழுதிய வரி எதற்கென்று கேட்டால், கருவி எழுதித் தந்தது என்கிறார்கள். மாடி அறைகளில் இருபது வருஷம் சேர்த்த நல்ல பெயர் இப்படிக் கரைவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மலர் வெளியிட்டு மகிழ்வது எப்படி?

தமிழுக்கு நேர்வது இன்னும் வேதனை. ‘தமிழ்’ என்ற சொல் யூ.டி.எஃப்-8இல் 15 பைட், யூனிகோடு கணக்கில் 5 குறி, படிப்பவர் கண்ணுக்கு 3 எழுத்து. பைட் கணக்கில் வெட்டினால் எழுத்து உடைந்து கட்டமாகும். குறிக் கணக்கில் வெட்டினால் ‘கொ’ என்பது ‘க’ ஆகிவிடும். பி.எச்.பி.யின் இன்டல் நீட்சியில் எழுத்துக் கணக்கிலேயே வெட்டும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ‘எழுத்தும் எண்ணும் மட்டும்’ என்று வடிகட்டும் ரெகெக்ஸில் உயிர்க்குறிகள் எழுத்தாகக் கணக்கில் வராது. ‘மொழி’ உள்ளே போய் ‘மழ’ என்று வெளியே வரும். மீடியாவிக்கியும் பி.எச்.பி.தான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஈழத்து எழுத்துகளைக் காக்கும் நூலகம் திட்டமும் அதே மொழியில், தமிழைச் சிதைக்காமல் ஓடுகின்றன. பிரேசர் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் சேர்க்கை ஃபார்ம் குழந்தையின் பெயரைக் குலைத்துச் சேமிக்க எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு மன்ற வகுப்பில் முதல் இரண்டு வாரம் ஃபிரேம்வொர்க் இல்லாமல், பி.டி.ஓ.வும் கையால் எழுதிய எஸ்.க்யூ.எல்.லும் மட்டும் கற்பிக்க வேண்டும், சோதனைத் தரவு முழுவதும் தமிழ்ப் பெயர்களாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை செயற்குழுவின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் முதல் வாரத்தை நடத்தித் தர இசைந்திருக்கிறார். லாரவெல் வழியின் மூத்தவர்கள் இரண்டாம் வாரத்தை ஏற்றுக்கொண்டால் ஜூன் மாதமே தொடங்கிவிடலாம்.