வெளிச்சம் படியும் நேரம்

வெங்காயச் செல்லில் 16 குரோமோசோம்கள். வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவைத்து, ஸ்லைடில் நசுக்கி, நுண்ணோக்கியில் படமெடுப்பது தாவரவியல் மாணவர் பலரும் செய்கிற வேலை. ஆனால் பதினாறையும் ஐயமில்லாமல் எண்ண முடிகிற படம் அரிது. அப்படி ஒன்று கிடைத்தால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மூலைக்கு மூலை ஒரே வெண்மை; அதன்மேல் செந்நிறக் குரோமோசோம்கள் ஒவ்வொன்றும் தெளிந்த ஓரத்தோடு. இந்த அழகு கேமராவுக்கு வந்து சேரும் முன்பே வெளிச்சத்தில் பிறந்துவிடுகிறது.

அந்த வெளிச்சத்தைப் படியவைக்கும் முறையை 1893-இல் வகுத்தவர் ஜெர்மானியரான ஆகுஸ்ட் கோலர். விளக்கின் இழை படத்தில் விழாது. ஒளி மட்டும் சீராகப் பரவும். பழகிய கை அதைச் செய்வதே ஒரு காட்சி. ஸ்லைடைத் தெளிவாக்கிக்கொண்டு, விளக்குப் பக்கத்தில் ஒளி நுழையும் துளையான டயாபிரத்தைச் சுருக்குவார்கள். புகைபோல ஓர் ஒளிவட்டம் தெரியும். ஸ்லைடின்மேல் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை மெல்ல ஏற்றி இறக்க, சட்டென்று அதன் ஓரம் சீவிவிட்டதுபோல் துலங்கும். வட்டத்தை நடுவுக்கு நகர்த்தி, பார்வைப் பரப்பைத் தாண்டும்வரை திறப்பார்கள்.

ரசனைக்குச் சோதனை கண்டென்சரின் டயாபிரத்தில் இருக்கிறது. நன்றாக மூடினால் படம் எடுப்பாகத் தோன்றும். ஆனால் நுண்கோடுகள் தடித்து, விளிம்புகளில் இல்லாத வளையங்கள் முளைக்கும். முழுக்கத் திறந்தால் எல்லாம் வெளிறும். லென்ஸின் திறப்பில் முக்கால் பங்கு நிறையும் இடத்தில் தேர்ந்த கை நின்றுவிடும்.

கேமராவுக்கும் அதே நிதானம் வேண்டும். எண்ணெய் வைத்துப் பார்க்கும் நல்ல லென்ஸ்கூட, பச்சை ஒளியில் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5,000-இல் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. 1873-இல் எர்ன்ஸ்ட் அபே கண்ட எல்லை அது. அந்த இடைவெளிக்குள் இரண்டு மூன்று பிக்சல்கள் விழுந்தால் போதும். அதற்குமேல் படம் பெருக்குமே தவிர விவரம் கூடாது. தேர்ந்தவர்கள் வெண்மை எரிந்துபோகாமல் எக்ஸ்போஷரை அடக்குவார்கள். ஸ்லைடின் வெற்றிடத்தையும் ஒரு படமெடுத்து, அதை வைத்து ஒளியின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வார்கள். ஜேபெக்காகச் சுருக்காமல் டிஃப் கோப்பாகச் சேமித்து, மூலப் படத்தைத் தொடாமல் வைப்பார்கள். அளவுகோடு இடாமல் எதையும் வெளியே தரமாட்டார்கள்.

இத்தனை அடக்கமும் இன்னொருவருடைய கண்ணுக்காக. அந்த வேர்நுனியை ஒருபோதும் பார்த்திராத ஒருவர், எங்கிருந்தோ இந்தப் படத்தை மட்டும் நம்பி விரல் வைத்து எண்ணுவார்: பதினாறு.