குறுக்கீடும் கவிதையும்

ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய், பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவாதே என்பது வேலைத்திறன் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஆய்வும் அதற்குத் துணை நிற்கிறது. முடிக்காத வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கவனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் எழுதினார். இதைக் 'கவன எச்சம்' எனலாம். அறிவுரை சரிதான். ஆனால் தாவுவதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்க முடிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

சங்கராபுரத்திலிருந்தும் கல்வராயன் மலை ஊர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் பெண்ணிடம் அந்த முடிவு இல்லை. புத்தகத்தை விரித்தால் உலை கொதிக்கும்; தம்பி கூப்பிடுவான்; அம்மா மரவள்ளிக் காட்டிலிருந்து திரும்புமுன் தண்ணீர் பிடித்துவைக்க வேண்டும். இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடங்கள். அந்த 299 நிமிடங்களும் சேர்ந்தாற்போல வருவதில்லை. நாள் முழுக்கச் சிதறி, மிச்ச நேரத்தையும் துண்டாக்குகின்றன.

இலக்கியத்தில் இதன் விளைவை 1929லேயே பேசியவர் வர்ஜீனியா உல்ஃப். 'தனக்கென ஓர் அறை' நூலில், எல்லோரும் வந்துபோகும் பொதுக்கூடத்தில் அமர்ந்து எழுதும் பெண்ணுக்குக் கவிதையையும் நாடகத்தையும்விடப் புனைகதை எளிது, அதற்குக் குறைவான கவனம் போதும் என்கிறார். தமிழில் சல்மாவை வாசிக்கும்போது இக்கருத்து ஆட்டம் காண்கிறது. எழுதுவதற்கு எதிர்ப்பிருந்த வீட்டில், குளியலறையில் ஒளிந்து எழுதியவர் அவர். அந்தத் தாள்களை வெளியே கொண்டுசேர்த்தவர் அவருடைய தாய். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' கவிதைத் தொகுப்பு 2000இல் வந்தது. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் 2004இல்தான் வந்தது.

ஒருவர் வாழ்வை வைத்துப் பொதுவிதி வகுக்க முடியாது. ஆனாலும் காரணம் ஊகிக்கக்கூடியதே. கவிதையைத் தாளில்லாமல் மனத்தில் சுமக்கலாம். பாத்திரம் கழுவும்போதே ஒரு சொல்லை மாற்றலாம். நாவலுக்கோ, நேற்று விட்ட இடம் இன்றும் கலையாமல் காத்திருக்க வேண்டும்.

இதைக் கொண்டாடத் தொடங்கினால் ஆபத்து. துண்டுதுண்டாக எழுதுவதே பெண்ணின் இயல்பு என்று சொல்லும் விமர்சனம், அவள்மீது சுமத்தப்பட்டதை அவள் குணமாக்கிவிடுகிறது. கவிதையின் சுருக்கம் கவிஞரின் திறமை. அவருக்கு நேரம் மறுக்கப்பட்டது வேறு கதை. இரண்டையும் பிரித்துப் படிக்க வேண்டும். எழுதிய கவிதைகளோடு, எழுத நேரமில்லாமல் போன நாவல்களையும் பெண்ணிய விமர்சனம் கணக்கில் வைக்க வேண்டும்.

கவனத்தைக் குவி என்று மாணவியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. அவள் படிக்கும் அந்த ஒரு மணி நேரம் உலையைப் பார்த்துக்கொள்ளும்படி அவள் தம்பியிடமும் அப்பாவிடமும் சொல்ல வேண்டும்.